புதுப்பிப்பு: தம்பிக்கு பைபோலார்தானா?

மனநிலை சரியாக இருக்கும்போதும் தம்பிக்கு ஆளில்லாமலே குரல் கேட்கிறதே, இது பைபோலார்தானா (மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய்) என்று முன்பு கேட்டிருந்தேன். சேலத்தில் வேறொரு டாக்டரைப் பார்த்துவிட்டோம்.

ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் சீசனில் நன்றாகத் தூங்கினான், கூலிக் கணக்கைப் பிசகாமல் எழுதினான். ஆனாலும் மிளகுக்கொடிப் பக்கமிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். தூக்கம், மனநிலை, குரல் எல்லாவற்றையும் அம்மா தினசரி காலண்டரில் குறித்திருந்தார். டாக்டர் அதைத்தான் வெகுநேரம் புரட்டினார் (பழைய மருந்துச் சீட்டுகளை அல்ல!). மேனியாவோ (அளவுமீறிய உற்சாகம்) டிப்ரஷனோ (ஆழ்ந்த மனச்சோர்வு) இல்லாமல் 2 வாரமாவது குரல் நீடித்தால் ஸ்கிசோஅஃபெக்டிவா (மனநிலைக் கோளாறோடு, அது இல்லாத நாட்களிலும் குரல் கேட்பது போன்றவை இருக்கும் நோய்) என்று யோசிக்க வேண்டுமாம். பைபோலாரில் மனநிலை ஏறி இறங்கும்போதுதான் குரல் வருமாம். குரலுக்கு வேறு காரணம் இருக்குமா என்று வலிப்பு, குடி பற்றியும் விசாரித்தார்.

நோயின் பெயர் இன்னும் முடிவாகவில்லை. மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை தொடர்கிறது, குரலுக்கான மாத்திரையை மட்டும் கூட்டியிருக்கிறார். முன்பு கேட்டபோது மாத்திரையை நிறுத்திப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு: வேண்டாம்ணா, அந்த விஷப்பரீட்சை.