சாவடிக்கிறான்னு தெரிஞ்சும் விட முடியாம ஆடுன கேம் எது? அனுபவத்தைக் கொட்டுங்க மக்களே

பாம்பன் பய:
தடைக்காலம் வந்தா எங்க வீட்ல கேம் சீசன் ஆரம்பிச்சுரும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாதுல்ல, அண்ணனுங்க ரெண்டு பேரும் காலைல போட்டுக்கு பெயிண்ட் அடிக்கப் போயிட்டு மத்தியானம் சோத்தத் தின்னுட்டு நேரா கம்ப்யூட்டர் முன்னாடி வந்து உக்காந்துருவாய்ங்க. அப்பிடி ஒரு வருசம் உள்ள வந்தது தான் கேட் மேரியோ. நெசப் பேரு ஷோபோன் ஆக்‌ஷன், 2007ல ஜப்பான்காரர் ஒருத்தர் இலவசமா விட்டது. பச்சைக் குழாய், செங்கல், கேள்விக்குறி பெட்டி எல்லாம் அப்பிடியே மேரியோ தான், மேரியோ இடத்துல மட்டும் மூஞ்சி தொங்கிப்போன ஒரு வெள்ளப் பூனை. நம்ம மேரியோ ஆடிப் பழகுன கை, குழியப் பாத்தா தன்னால தாவும், தாவுனா நடு ஆகாசத்துல கண்ணுக்கே தெரியாத கட்டை ஒண்ணு தலைல இடிச்சு குழிக்குள்ளயே தள்ளி விட்டுரும். தரைன்னு நம்பி நின்னா தரை பொளந்து விழும். பின்னாடி சும்மா படம் காட்டிக்கிட்டு மிதக்குற மேகத்துல ஒண்ணைத் தொட்டா அதுவும் கொன்னுரும்!

இதுல கேம் ஓவரே கிடையாது. உயிரு பூஜ்யத்துக்கு வந்தா மைனஸ்ல இறங்க ஆரம்பிச்சுரும். பெரியண்ணன் அதப் பாத்துட்டு "யாவாரிட்ட வாங்குன அட்வான்ஸ் மாதிரில போகுது, இது இந்தப் பொறப்புல அடையாது"ன்னு சொல்லி சிரிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. எங்கம்மாவுக்கு கேம்னா என்னன்னே தெரியாது, மீன் ஆஞ்சுக்கிட்டே ஓரக்கண்ணால பாத்துக்கிட்டு இருக்கும், திடீர்னு "டேய் அந்த மேகத்துக்கிட்ட போகாத, நேத்தும் அது தான் கொன்னுச்சு"ன்னு கத்தும். இது தாங்க விசயமே. ஏமாத்துறான், ஆனா நேத்து எங்க ஏமாத்துனானோ இன்னிக்கும் அங்கயே தான் ஏமாத்துறான். பொறியோட எடம் மாறாது. அதுனால தான் கோவம் வராம சிரிப்பு வருது. உங்க கதைய எடுத்து விடுங்க.

கீழக்கரை காக்கா:
தம்பி, அநியாயம்னா நாங்க பாத்தது தான் அநியாயம். வாப்பா துபாய்ல இருந்து வரும்போது டிவி கேமும் ஒரு கேசட்டும் கொண்டு வந்தாங்க, அதுல கோஸ்ட்ஸ் என் காப்ளின்ஸ் இருந்துச்சு, கேப்காம் 1985ல கடைல காசு போட்டு ஆடுற மிசினுக்காக செஞ்சு அப்புறம் வீட்டு டிவிக்கு கொண்டு வந்தது. கவசம் போட்ட வீரன், ஒரு அடி பட்டா கவசம் கழண்டு ஜட்டியோட நிப்பான், இன்னொரு அடி பட்டா எலும்புக்கூடு, அவ்வளவு தான் உயிரு. அதவிடக் கொடுமை, தாவிட்டா தாவுனது தான், எதுத்தாப்ல பேய் வருதுன்னு காத்துல வச்சு அங்கிட்டு இங்கிட்டு திருப்ப முடியாது, சாவ பாத்துக்கிட்டே போய் விழணும்.

எங்க லாத்தா (அக்கா) தான் வீட்லயே நல்லா ஆடும். உப்புக்காத்துக்கு கேசட்டு பின்னெல்லாம் பச்சை புடிச்சுரும், ரப்பர் வச்சு தேச்சு தேச்சு மாட்டி, கரண்ட் போகாத நாளாப் பாத்து ஒருவழியா கடைசி வரைக்கும் போச்சு. போனா என்ன சொல்றான் தெரியுமா? இது சாத்தான் போட்ட மாயை, மறுபடி முதல்ல இருந்து வா அப்படிங்கிறான்! நெசமாவே ரெண்டு தடவை முடிச்சா தான் முடிஞ்ச கணக்கு. லாத்தா ரிமோட்ட வச்சுட்டு எந்திரிச்சு உம்மாக்கு வேலை பாக்கப் போயிருச்சு. அது வேடிக்கை இல்ல, வயித்தெரிச்சல். சேவ் கிடையாது, பூரா முதல்ல இருந்து, இதையும் உங்க பூனையையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

தொண்டி சுறா:
காக்கா சொல்றது கரெக்ட்டு. செத்தா எவ்வளவு நேரம் வீணாகுது, அத வச்சு தான் பாக்கணும். சூப்பர் மீட் பாய் ஆடிப் பாருங்க, 2010ல வந்தது, எட்மண்ட் மெக்மில்லன் டாமி ரெஃபீன்ஸ்னு முக்கியமா ரெண்டு பேரு சேந்து செஞ்சது. ரம்பம் சுத்திக்கிட்டே இருக்கும், நம்ம ஆளு ஒரு கறித்துண்டு, பட்டா சிதறிரும், ஆனா கண்ணு இமைக்கிறதுக்குள்ள திரும்ப ஆரம்பத்துல நிப்பான். ஒரு லெவல் தெரிஞ்சு ஆடுனா ஒரு நிமிசம் கூட ஆகாது. முடிச்ச ஒடனே ரீப்ளே காட்டுவான் பாருங்க, நீங்க செத்த அத்தனை ஆட்டமும் ஒரே நேரத்துல ஓடும், கூட்டமா கெளம்புற கறித்துண்டுல ஒவ்வொண்ணா சிதறி கடைசில ஒரே ஒருத்தன் போய்ச் சேருவான். அதப் பாக்கத்தான் நான் ஆடுறதே.

ஆனா ஒண்ணு, அது கஷ்டம், அநியாயம் இல்ல. 2018ல வந்த செலஸ்ட் இன்னும் ஒருபடி மேல. விளிம்ப விட்டு கால் நழுவுன அப்புறமும் ஒரு நொடில சின்னப் பங்கு நேரம் தாவ விடுவான், நம்ம கரெக்டா தாவிட்டோம்னு நினைச்சுக்குவோம், அவன் தான் நமக்கே தெரியாம கை குடுத்துருக்கான். பூனை கேமு இதுக்கு நேர் எதிரு, நமக்குத் தெரியாம கால வாரி விடுறது. ரெண்டுமே ஆடுறவன் மனசுல அடுத்து என்ன ஓடும்னு தெரிஞ்சவன் செஞ்ச வேலை.

மண்டபம் மாப்ள:
ஐ வானா பி த கைங்கிற கேம யாருமே சொல்லலியா? அதுவும் 2007 தான், கயின்ங்கிற பேர வச்சுக்கிட்டவர் இலவசமா விட்டது. ஆரம்பத்துலயே ஒரு ஆப்பிள் மரம், அடில போனா ஆப்பிள் தலைல விழும், செத்துருவ. ஓஹோ ஆப்பிள் கீழ விழும்னு கத்துக்கிட்டு அதுக்கு மேல தாவிப் போனா, அந்த ஆப்பிள் மேல பாத்து விழும்! நியூட்டனே செத்துருவாரு. ஈசின்னு ஒண்ணு கிடையவே கிடையாது, மீடியம் தான் ஆகக் குறைச்சலு, அத எடுத்தா பையன் தலைல ரிப்பன் கட்டி விட்டுருவான், கேம் முடியிற வரைக்கும் அதோட தான் திரியணும். இம்பாசிபிள் எடுத்தா சேவே கிடையாது.

சென்னைல இருந்து லீவுக்கு எங்க மாமா மகன் வந்தான், நான் எல்லா கேமும் முடிச்சவன்னு ஒரே பீத்தல். ஒண்ணும் சொல்லல, கீபோர்டக் குடுத்து நாங்க அஞ்சாறு பேரு பின்னாடி நின்னுக்கிட்டோம். மொத ஆப்பிள்ல செத்தான், தெரியாமப் போச்சுன்னான். அடுத்த ஆப்பிள்ல செத்தான், பேச்ச நிறுத்திட்டான். மேல போற ஆப்பிள்ல செத்தப்ப திரும்பி எங்க மூஞ்சியப் பாத்தான் பாருங்க, எங்களுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்னு அப்பத்தான் அவனுக்கு வெளங்குச்சு. நாம ஆடுறதவிட புதுசா ஒருத்தன ஆட விட்டுப் பாக்குறது தான் சொகம். அவனும் ஊருக்குப் போறதுக்குள்ள வேற ஒருத்தன உக்கார வச்சுட்டான்.

தங்கச்சிமடம் அக்கா:
எங்க வீட்ல இப்ப லெவல் டெவில். போன்ல தான். ஒரு கதவுக்குப் போகணும், அவ்வளவு தான் கேமு, நடந்தா முன்னாடி குழி தொறக்கும், முள்ளு நகந்து வரும், கிட்ட போனா கதவே ஓடிரும். சின்னவன் புது பாம்பன் பாலத்துல போகணும்னு ஒத்தக்கால்ல நின்னான், 2025 ஏப்ரல்ல தொறந்தது தானே, சரின்னு ரயில்ல கூட்டிட்டுப் போனேன். கப்பலுக்கு வழி விட நடுவுல தூக்குற பாலம்டா, ரெண்டு பக்கமும் கடலு, பாருடான்னா "இரும்மா முள்ளு வருது"ங்கிறான். பாலம் முடிஞ்சு மண்டபம் வந்தப்புறம் தான் தலைய தூக்குனான். எனக்கு முள்ளு மேல கோவம் இல்ல, இந்த மாதிரி எதையோ காப்பியடிச்சு ஒருத்தன் விட்ட ஆப்ல ரெண்டு சாவுக்கு ஒருக்கா விளம்பரம் வந்துச்சே, அதத்தான் அன்னிக்கே அழிச்சேன். சாவு காமெடி, அதுக்கு நடுவுல அர நிமிசம் ரம்மி விளம்பரம் எப்படிப்பா காமெடி ஆகும்.

ராம்நாடு ரங்கா:
இதெல்லாம் கேமா. உருப்படியா செய்யத் தெரியாதவன் செய்யிற வேலை. மேரியோவச் செஞ்ச நிண்டெண்டோ கம்பெனி இப்பிடிச் செய்யுமா?

பாம்பன் பய:
செஞ்சுச்சே சார். 1986ல ஜப்பான்ல வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 2 பாருங்க. காளானத் தின்னா வளரணும்ல, அதுல விஷக் காளான் வச்சான். முன்னாடி தாவி விடுற வார்ப்ல போனா முதல் உலகத்துக்கே திருப்பி அனுப்புற எடமும் இருக்கு. ரொம்பக் கஷ்டம்னு அத அமெரிக்காவுக்கு அனுப்பாம அங்க வேற ஒரு கேமத்தான் 2ன்னு வித்தாங்க, 1993ல தான் லாஸ்ட் லெவல்ஸ்னு பேரு மாத்தி வெளிய விட்டாங்க. பூனைக்கு அப்பன் அவன் தான்.

ராம்நாடு ரங்கா:
சரி எறக்கிட்டேன். பூனை ஒரு பச்சைக் குழாய்கிட்ட நிக்கிது, அடுத்து என்ன?

மண்டபம் மாப்ள:
குழாய்க்குள்ள எறங்குங்கண்ணே. சார்ட் கட்.

ராம்நாடு ரங்கா:
எறங்குனேன். குழாயோட சேத்து ராக்கெட்டு மாதிரி ஆகாசத்துக்குப் போயிட்டேன். நல்லா இருடா நீ.