உதவி: தாழ்மேக அளவில் மாதிரியும் செயற்கைக்கோளும் ஒத்துப்போகவில்லை

பாளை மாணவி:
வணக்கம். முதுகலைத் திட்டப்பணிக்காகக் காலநிலை மாதிரி (காலநிலையைக் கணக்கிடும் கணினி நிரல்) ஒன்றின் தாழ்மேக அளவை, அதாவது தாழ்ந்த மேகம் எவ்வளவு பரப்பை மூடுகிறது என்பதை, செயற்கைக்கோள் பதிவோடு ஒப்பிடுகிறேன். எடுத்துக்கொண்ட இடம் ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே உள்ள இந்தியப் பெருங்கடல்: தெற்கு அட்சரேகை 25 முதல் 35 வரை, கிழக்குத் தீர்க்கரேகை 95 முதல் 105 வரை. தாழ்மேகத்துக்கு எல்லோரும் பெரு, கலிபோர்னியாக் கரையோரக் கடல்களையே எடுக்கிறார்கள், நீயாவது நம் கடலை எடு என்றார் வழிகாட்டி.

கடல் மேற்பரப்பு வெப்பநிலையை அளந்தபடியே கொடுத்து ஓட்டும் 'ஏமிப்' வகை ஓட்டத்திலிருந்து மாதச் சராசரி மேகக் கோப்பை இறக்கினேன். காற்றழுத்தம் 680 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் இருக்கும், அதாவது கடலுக்கு அருகே தாழ்ந்திருக்கும், அடுக்குகளில் எதில் மேகம் மிக அதிகமோ, அதையே தாழ்மேக அளவாகக் கொண்டேன். பல செயற்கைக்கோள்களின் மேகப் பதிவுகளைச் சேர்த்த ஐ.எஸ்.சி.சி.பி. தொகுப்பின் தாழ்மேகத்தோடு கழித்துப் பார்த்தால் வடக்குப் பாதியில் மாதிரி வெகுவாகக் குறைகிறது. தெற்கு விளிம்பில், அதுவும் அங்கே குளிர்காலமான மாதங்களில், கூடுகிறது. இத்தனைக்கும் விண்வெளிக்குத் திரும்பும் சூரிய ஒளியில் செரெஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் அளவீட்டோடு ஏறக்குறையப் பொருந்துகிறது! மேகம் குறைந்தால் ஒளியும் குறைய வேண்டாமா? அலகு, கட்ட அளவு இரண்டையும் சரிபார்த்துவிட்டேன். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

காற்றாலைக்காரன், வள்ளியூர்:
எனக்கு மாதிரி எல்லாம் தெரியாது, காற்றுதான் தெரியும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இங்கே ஓடிவரும் மேகமும் தாழ்ந்த மேகம்தானே? அதை விட்டுவிட்டு ஆஸ்திரேலியா வரை போவானேன்?

கடையத்தான்:
அண்ணாச்சி, அது வேறு சாதி. நம் பக்கத்தில் மேகத்தை உண்டாக்குவது தென்மேற்குப் பருவக்காற்றைத் தூக்கிவிடும் மலை. அந்தக் கடலில் மலைக்கு வேலை இல்லை. உயரத்திலிருந்து இறங்கி வரும் காற்று சூடாகி, குளிர்ந்த கடற்காற்றின் மேல் படிந்துவிடுகிறது. ஈரம் அதைத் தாண்டி ஏற முடியாமல் சில நூறு மீட்டர் தடிமனில் பரந்து கிடக்கிறது. மேலும், இத்தகைய மாதிரிகளில் ஒரு கட்டம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். களக்காட்டு மலைக்காடும் உங்கள் வள்ளியூர்ப் பொட்டலும் ஒரே கட்டத்துக்குள் விழும்போது எதை எதோடு ஒப்பிடுவது?

தங்கச்சி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மாதச் சராசரியை எடுத்த பிறகு அடுக்குகளில் பெரியதைத் தேடாதே. ஒரு நாள் மேகம் ஓர் அடுக்கில் இருக்கும், மறுநாள் அதற்கு மேலே இருக்கும். அடுக்கு அடுக்காகச் சராசரி போட்டால் இரண்டுமே தேய்ந்துவிடும். அதில் பெரியதை எடுத்தாலும் உண்மையான பரப்பைவிடக் குறைவாகத்தான் வரும். வடக்கில் நீ பார்க்கும் குறைவில் ஒரு பங்கு இது.

தெற்கில் நடப்பது வேறு. 35 பாகை பக்கம் குளிர்காலத்தில் புயல் அமைப்புகள் கடந்துபோகும், உயர்மேகம் மூடும். ஐ.எஸ்.சி.சி.பி. மேலிருந்து பார்ப்பது. மேலே தடித்த மேகம் இருந்தால் கீழே உள்ளது அதன் கணக்கில் வராது. மாதிரியின் கோப்பிலோ மறைந்த மேகமும் மேகம்தான். மணிமுத்தாறு அணையில் நின்று அண்ணாந்து பார்ப்பவரும் மாஞ்சோலையில் நின்று குனிந்து பார்ப்பவரும் ஒரே மேகத்தைப் பற்றி ஒரே சேதி சொல்வார்களா?

இன்னொன்றும் உண்டு. ஐ.எஸ்.சி.சி.பி. மேக உச்சியின் வெப்பநிலையை அளந்து, அந்த வெப்பநிலை எந்த உயரத்தில் இருக்கிறது என்று தேடுகிறது. உயரம் ஏற ஏறக் காற்று சூடாகும் அடுக்கு மேகத்துக்கு மேலேயே இருக்கும்போது, அதே வெப்பநிலை இன்னும் உயரத்திலும் கிடைக்கும். அதனால் தாழ்மேகம் சில வேளை நடுமேகப் பட்டியலில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

இவற்றுக்கெல்லாம் 'காஸ்ப்' என்ற சிமுலேட்டர் தொகுப்பு இருக்கிறது. மாதிரியின் வானத்தைச் செயற்கைக்கோள் பார்த்தால் என்ன பதிவு செய்யுமோ அதைக் கணக்கிட்டுத் தரும். நீயே ஓட்ட வேண்டியதில்லை. பல மாதிரிகள் அந்த வெளியீட்டையும் பொதுவில் வைத்திருக்கின்றன. ஐ.எஸ்.சி.சி.பி. வெளியீட்டை ஐ.எஸ்.சி.சி.பி.யோடும், லைடார் (லேசர் ஒளியை அனுப்பி மேகத்தை அளக்கும் கருவி) வெளியீட்டை, அந்தக் கருவியைச் சுமந்த கேலிப்சோ செயற்கைக்கோளின் பதிவோடும் ஒப்பிடு. ஒன்றை மற்றொன்றோடு கலக்காதே.

பாளை மாணவி:
நன்றி அண்ணா. என் மாதிரிக்கு இரண்டு வெளியீடும் கிடைத்தன. கேலிப்சோ 2006-இல்தான் ஏவப்பட்டது, என் ஓட்டம் 2014-இல் முடிகிறது. ஆகவே முழு ஆண்டுகளாக 2007 முதல் 2014 வரை எடுத்தேன். தெற்கில் இருந்த கூடுதல் பெரும்பாலும் போய்விட்டது. வடக்கின் குறைவு சுருங்கியது, ஆனால் லைடாரில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஒளி மட்டும் எப்படிப் பொருந்துகிறது? ஐ.எஸ்.சி.சி.பி. சிமுலேட்டர் ஒப்பீடு பகலுக்கு மட்டும் என்பதால் இருக்குமோ?

தென்காசி ஓய்வு:
பகல், இரவைக் குற்றம் சொல்லாதே அம்மா. இந்த மேகம் விடியலுக்கு முன் தடித்து பிற்பகலில் மெலியும். பகலை மட்டும் எடுத்த செயற்கைக்கோள் பதிவு குறைவாகச் சொல்லவே வாய்ப்பு. அதையும் எட்டவில்லை என்றால் மாதிரியின் குறை இன்னும் பெரிது.

உன் கையில் இருப்பது பழைய நோய். பல நாட்டுக் காலநிலை மாதிரிகளை ஒப்பிடும் சி.எம்.ஐ.பி.-5 திட்டத்து மாதிரிகளின் வெப்பமண்டலத் தாழ்மேகங்களைப் பற்றி 2012-இல் வந்த ஆய்வே இதைத்தான் சொன்னது: மேகம் குறைவு, இருக்கும் மேகம் மிதமிஞ்சிய வெண்மை. இரண்டு பிழையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, மொத்த ஒளி சரியாகிவிடுகிறது. மாதிரியை அமைப்பவர்கள் வளிமண்டல உச்சியில் ஒளிக் கணக்கு நேராகும்படி திருகுகளைத் திருப்புகிறார்கள். மேகப் பரப்பு சரியா என்று அந்தத் திருகு கேட்பதில்லை. போதாக்குறைக்குக் கட்டத்துக்குள் நீரைச் சீராகப் பரப்பிவிட்டால், அதே அளவு நீர் திட்டுத்திட்டாக இருக்கும்போது காட்டுவதைவிட அதிக ஒளியைத் திருப்பி அனுப்பும்.

சோதிக்க வழி உன் கோப்பிலேயே இருக்கிறது. ஐ.எஸ்.சி.சி.பி. வெளியீட்டில் மேகம் உயரவாரியாக மட்டுமின்றி ஒளியியல் தடிமன்வாரியாகவும் (மேகம் ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) பெட்டி பெட்டியாகப் பிரிந்திருக்கும். 3.6 முதல் 9.4 வரையிலான பெட்டி, 23-க்கு மேற்பட்ட பெட்டிகள், இவற்றைத் தனித்தனியே கூட்டிச் செயற்கைக்கோள் பதிவோடு வைத்துப் பார். நடுப்பெட்டி காலியாகவும் தடித்த பெட்டிகள் நிரம்பியும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. உயரத்தில் 680 ஹெக்டோபாஸ்கல் எல்லைக்கு அடுத்து மேலே உள்ள ஒரு பெட்டியையும் சேர்த்துக்கொள், கடையத்துத் தம்பி சொன்ன உயரக் குழப்பத்துக்காக.

செரெஸோடு பொருந்துகிறது, ஆகவே மாதிரி நன்று என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதே. வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாகத்தான் வரும்.

பாளை மாணவி:
பிரித்துப் பார்த்தேன் ஐயா. நடுப்பெட்டி காலி. தடித்த பெட்டிகளில் செயற்கைக்கோளைவிட அதிகம். வடக்குப் பாதி முழுவதும் அப்படித்தான். முதல் படமாக எதை வைக்கட்டும்?

கடையத்தான்:
லைடார் ஒப்பீட்டை. பக்கத்திலேயே இந்தத் தடிமன் படம். இரண்டு படத்திலும் மாதிரிக்கும் செயற்கைக்கோளுக்கும் ஒரே நிற அளவுகோல் போடு.