பிளெண்டரைத் திறக்காமலே ரெண்டர் போடுவது எப்படி?

காரைக்குடி: அண்ணே, கல்யாண வீடியோ வேலை பார்க்கிறேன். கானாடுகாத்தானில் எடுத்தது, திருப்பூட்டு (தாலி கட்டும் சடங்கு) மட்டுமே நாற்பது நிமிடம், பிளெண்டர் மென்பொருளில் உள்ள வீடியோ சீக்வென்சர் என்ற எடிட்டிங் பகுதியில் வெட்டி முடித்தாயிற்று. இனி ரெண்டர் போட்டு, அதாவது வெட்டியதை முழு வீடியோவாக வெளியே எடுக்க வேண்டும். என் லேப்டாப் பழசு, அதனால் கட்டளை தட்டும் டெர்மினலில் ஆப்ஷன் கொடுத்து ராத்திரியே ஓடவிடலாம் என்று பார்த்தேன். சோதனைக்கு முதல் 500 ஃபிரேம்தான் கேட்டேன், முழுசும் ஓடுகிறது. எங்கே தப்பு?

தேவகோட்டை: வரிசையில்தான் தம்பி. ஆப்ஷன்களை எழுதிய வரிசையிலேயே ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போகும். மைனஸ் பி (-b, ஜன்னல் திறக்காமல் ஓட), கோப்பின் பெயர், மைனஸ் எஸ் 1 (-s, தொடக்க ஃபிரேம்), மைனஸ் இ 500 (-e, கடைசி ஃபிரேம்), எல்லாம் முடிந்து கடைசியில்தான் மைனஸ் ஏ (-a, ரெண்டரைத் தொடங்க). ஏ முன்னால் வந்தால் மற்றதைப் படிக்கும் முன்பே ரெண்டர் கிளம்பிவிடும். அப்புறம், எல்லாமே சின்ன எழுத்து. பெரிய எஸ் போட்டால் சீன், பெரிய இ போட்டால் ரெண்டர் எஞ்சின் என்று எடுத்துக்கொள்ளும்.

பள்ளத்தூர்: வீடியோ எங்கே சேமிக்க வேண்டும் என்று சொல்லும் மைனஸ் ஓவும் (-o) ஏ-க்கு முன்னால்தான் வர வேண்டும், இதை மறந்து நான் ஒரு ராத்திரி முழுக்க வீணாக்கியிருக்கிறேன். ஆட்-ஆன் (கூடுதலாகச் சேர்த்த துணை நிரல்) மேல் சந்தேகம் வந்தால் இரண்டு மைனஸ் போட்டு ஃபேக்டரி-ஸ்டார்ட்அப் (--factory-startup) கொடுத்து, அதாவது ஆரம்ப நிலையில், திறந்து பாருங்கள், உங்கள் செட்டிங்ஸ் அழியாது.

காரைக்குடி: ஏ-வைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். மாற்றியதும் 500-லேயே நின்றது. ரொம்ப நன்றி அண்ணே, இன்றைக்கு ராத்திரி முழுசும் போட்டுவிடுகிறேன்.