மறு: யூஎன்சி நோட்டுக்குத் தமிழ்ச்சொல் – ‘சலவை நோட்டு’ வேண்டாமே

கிருஷ்ணகிரி அண்ணாவுக்கு வணக்கம். யூஎன்சி (uncirculated), அதாவது கைமாறிப் புழங்காத புத்தம்புது நோட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டு, ‘சலவை நோட்டு’, ‘புழங்கா நோட்டு’, ‘கோடி நோட்டு’ என்று மூன்று சொல்லியிருந்தீர்கள்.

‘சலவை நோட்டு’ ஊரறிந்த சொல்தான். மொய் வைக்கும்போதுகூட அதைத்தானே தேடுகிறோம். ஆனால் நம்மைப் போல் பழைய நோட்டு சேகரிப்பவர்களுக்கு அது ஒத்துவராது. போன ஞாயிறு தருமபுரியில் ஒரு பெரியவர், தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட பழைய ஆயிரம் ரூபாய் நோட்டைக் காட்டினார். 1954இல் வெளிவந்து 1978 ஜனவரியில் செல்லாமல் போன வரிசை. “சலவை நோட்டுங்க” என்றார். ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தேன். நடுவில் மயிரிழை போல ஒரு கோடு. விரலால் சுண்டினால் மொடமொடப்பே இல்லை, துணி மாதிரி தொய்கிறது. நிஜமாகவே யாரோ கழுவி இஸ்திரி போட்டிருக்கிறார்கள்! நம் தொழிலில் சலவை என்பது குறை. அதையே உயர்ந்த தரத்துக்குப் பெயராக வைத்தால் எப்படி?

நீங்கள் சொன்ன ‘புழங்கா நோட்டு’ நேரான பெயர்ப்பு. சிக்கல் 2000 ரூபாய் நோட்டில் வருகிறது. 2023 மே மாதம் அதைப் புழக்கத்திலிருந்து எடுக்க உத்தரவு வந்தது, ஆனாலும் அது சட்டப்படி செல்லும். கசங்கிய 2000மும் அப்போது ‘புழங்கா நோட்டு’ ஆகிவிடும். ‘கோடி நோட்டு’ எனக்கும் பிடித்தது, கோடி வேட்டி, அதாவது புது வேட்டி மாதிரி. ஆனால் பணத்துக்குப் பக்கத்தில் கோடி என்றால் யார் வேட்டியை நினைப்பார்கள்? இழவு வீட்டுக் கோடி வேறு நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: மடிபடா நோட்டு. ஒரே ஒரு மடிப்பு விழுந்தால் ஒருமடிப்பு நோட்டு. தரம் இறங்குவதைச் சொல்லே காட்டிவிடும்.

– தருமபுரியிலிருந்து

மறு: மறு:

தம்பி, மடிப்பு சரி. அந்தக் காலத்தில் வங்கியிலேயே நோட்டுக்கட்டில் ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுத்தார்களே, அந்த ஓட்டை?

மறு: மறு: மறு:

அண்ணா, அது மடிப்புக் கணக்கில் வராது. ‘மடிபடா நோட்டு, பின்துளை உண்டு’ என்று தனியாக எழுதிவிடலாம். மறைத்து விற்கிறவர்கள்தான் வம்பு.

மறு: மறு: மறு: மறு:

சரி தம்பி, என் பட்டியலில் மாற்றிவிட்டேன். அப்புறம், யூஎன்சி என்று இத்தனை வருஷம் எழுதி வைத்திருந்த என் ஆயிரத்தையும் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். ஒருமடிப்பு.