அதிபராக இருந்தவர் சாதாரண உறுப்பினராகப் போனது ஏன்?

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
அமெரிக்காவின் ஆறாவது அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸைப் பற்றி எங்கள் ஊர் வாசகசாலையில் பேசவிருக்கிறேன். 1829இல் அதிபர் பதவியை விட்டு இறங்கியவர் 1831இல் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராகப் போய் அமர்ந்தார் என்று சொன்னதும், பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர் வார்டு மெம்பராக நின்றாலே இளக்காரமாகப் பேசுகிற நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் ஏன் அப்படிச் செய்தார்? 1824 தேர்தலில் எதிர்த்து நின்ற ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு வாக்கில் பின்தங்கியவர் முதலில் அதிபரானதுதான் எப்படி?

வேலந்தாவளத்துக்காரன்:
இரண்டாவது கேள்விக்கு நம் எல்லையே விளக்கம். சோதனைச்சாவடிக்கு அப்பால் தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இப்பால் கேரளத்தில் வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84, கிராஃபர்டுக்கு 41, ஹென்றி கிளேக்கு 37 என, அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்களின் வாக்குகள் சிதறி, பெரும்பான்மைக்கு வேண்டிய 131 எவருக்கும் கிட்டாததால், முதல் மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பிரதிநிதிகள் சபைக்குப் போயிற்று. அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்குதான். 24 மாநிலங்களில் 13 ஆடம்ஸுக்கு விழுந்தன. அவரை ஆதரித்த கிளேயை உடனே வெளியுறவுச் செயலராக்கியதால் எழுந்த பேரப்பழி, 1828இல் ஜாக்சனிடம் தோற்கும்வரை அவரை விடவில்லை. பேரம் நடந்ததோ இல்லையோ, அந்த நியமனம் புத்திசாலித்தனமன்று என்பேன்.

மீனாட்சிபுரம் ஆசிரியை:
முதல் கேள்விக்கு அவரே பதில் சொல்லியிருக்கிறார், ஐயா: முன்னாள் அதிபர் தம் ஊரின் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்தாலும் அது இழிவாகாது என்பது அவர் கருத்து. உங்கள் நண்பர்களிடம் அதை முதலில் சொல்லுங்கள். அடிமைமுறைக்கு எதிரான மனுக்களைப் பேச்சுக்கே எடுக்கக் கூடாதென 1836இல் சபை விதி செய்தபோது, இவர் மனுக்களை ஓயாமல் கொண்டுவந்து, வாயடைக்கப் பார்த்தவர்களோடு எட்டாண்டு மல்லுக்கட்டி, 1844இல் அந்த விதியை நீக்கவைத்தார். இடையில் 1841இல், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட அமிஸ்டாட் கப்பலில் கலகம் செய்து பிடிபட்ட ஆப்பிரிக்கர்களுக்காக, 73 வயதில் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார், அவர்கள் விடுதலையானார்கள். 1848 பிப்ரவரி 21 அன்று சபையிலேயே மயங்கிச் சரிந்தவரை வெகுதூரம் கொண்டுபோக இயலாமல் சபாநாயகர் அறையில் கிடத்தினார்கள். 23ஆம் தேதி அங்கேயே உயிர் பிரிந்தது.

வேலந்தாவளத்துக்காரன்:
ஆசிரியை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அதிபராகும் முன்பே அவர் பெரிய ராஜதந்திரி: ஸ்பெயினிடமிருந்து புளோரிடாவைப் பெற்ற 1819 ஒப்பந்தமும், அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய அரசுகள் தலையிடக் கூடாதென்ற, அதிபர் மன்றோ பெயரில் வழங்கும் 1823 கொள்கையில் பெரும்பங்கும் அவருடையவை. பேச்சில் அந்த நான்காண்டு ஆட்சிக்கு ஐந்து நிமிடம் போதும்.