ஜி41 போர்டு, கோர் 2 டுயோ: லினக்ஸ் மின்ட் இன்ஸ்டால் பாதியில் 'எர்ர்னோ 5' காட்டி நிற்கிறது

சாம்பல்பெட்டி:

விண்டோஸ் 10-க்கு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ (லேசான டெஸ்க்டாப் பதிப்பு) போடப் பார்க்கிறேன். ப்ராசஸர் கோர் 2 டுயோ இ7500. மதர்போர்டு இன்டெல் ஜி41 சிப்செட், கூடவே டிஸ்க், யூஎஸ்பி வேலைகளுக்கான ஐசிஹெச்7 சிப். ரேம் டிடிஆர்3, 2 ஜிபி குச்சி இரண்டு. 500 ஜிபி சாட்டா ஹார்ட் டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. சிக்கல் ஒன்றில்லை, நான்கு:

1. மின்ட் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் செய்வதற்கான முழு ஃபைல்) ரூஃபஸ் மென்பொருளில் எழுதிய பென்டிரைவில் பூட் செய்தால் கருப்புத் திரையில் கர்சர் மட்டும் சிமிட்டுகிறது. அதே பென்டிரைவ் புது லேப்டாப்பில் ஓடுகிறது.

2. வேறு பென்டிரைவில் வென்டாய் (ஐஎஸ்ஓவைக் காப்பி செய்தாலே பூட் செய்ய விடும் மென்பொருள்) போட்டு உள்ளே போய்விட்டேன். ஃபைல் காப்பி ஆகும்போது 'எர்ர்னோ 5, இன்புட்/அவுட்புட் எரர்' என்று நிற்கிறது. முதல் தடவை பாதியைத் தாண்டி, இரண்டாம் தடவை ஆரம்பத்திலேயே. மூன்றாம் தடவை மவுஸ்கூட அசையவில்லை.

3. பிளக்கைப் பிடுங்கி மாட்டினால் தேதி 2009 ஜனவரிக்குப் போய்விடுகிறது.

4. ரேம் கூட்டலாம் என்று புதிதாக 4 ஜிபி குச்சி வாங்கி மாட்டினேன். பீப் சத்தம் மட்டும்தான், டிஸ்ப்ளே வரவில்லை. கடையில் 'டிடிஆர்3 எல்லாம் ஒண்ணுதான்' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா? எஸ்எஸ்டி வாங்கி மாட்டினால் தீருமா?

கேபிள்கொத்து:

எஸ்எஸ்டி இப்போதைக்கு வாங்காதீங்க. டிஸ்க்கில் பேட் செக்டார் இருந்தா, ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் மாட்டும். உங்களுக்கு நிற்கிற இடம் மாறிக்கிட்டே இருக்கு, ஒரு தடவை மொத்தமா உறைஞ்சும் போச்சு. அப்படின்னா முதல் சந்தேகம் ரேம் மேல. அதுக்கப்புறம் சூடு, சாட்டா கேபிள், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). அந்த எரர் பெட்டியை முழுசா படிச்சீங்கன்னா, டிஸ்க் பழசா இருக்கலாம்னு சொல்றதோட 'கம்ப்யூட்டரைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாத்திப் பாருங்க'ன்னும் ஒரு வரி இருக்கும். சிரிப்பா இருந்தாலும் அது காரணத்தோடதான் இருக்கு.

ரேமை முதல்ல பார்க்கச் சொல்றதுக்குக் காரணம் இதுதான். காப்பி ஆகிற ஒவ்வொரு ஃபைலும் ரேம் வழியாத்தான் டிஸ்க்குக்குப் போகுது. இன்ஸ்டாலர் வைத்திருக்கிற ஃபைல் எல்லாம் சுருக்கின ஒரே பெரிய கட்டு. அதைப் பிரிக்கும்போது ரேமில் ஒரு பிட் புரண்டாலும் கட்டு பிரியாது, உடனே எர்ர்னோ 5. பிரிஞ்ச பிறகு புரண்டா இன்னும் மோசம். எரர் எதுவும் வராம கெட்டுப்போன ஃபைல் டிஸ்க்கில் உட்கார்ந்துக்கும், ரெண்டு வாரம் கழிச்சு ஏதோ ஒரு புரோகிராம் திறக்காது. புது எஸ்எஸ்டி போட்டாலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது: பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடிங்க. கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுட்டு ரெண்டு குச்சியையும் கழட்டி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால ஒரே திசையில் தேய்ச்சு, துகளைத் துடைச்சிடுங்க. ஸ்லாட்டுக்குள்ள ரப்பர் தூள் விழக் கூடாது. ஸ்லாட்டைப் பிரஷ்ஷால தட்டினா போதும். அப்புறம் மெம்டெஸ்ட்86 பிளஸ்ங்கிற ரேம் சோதனை மென்பொருளை ஓட்டுங்க. வென்டாய் இருக்கிறதால மெம்டெஸ்ட் ஐஎஸ்ஓவை அதே பென்டிரைவில் போட்டாலே ஓடும். ஒரு சுற்று முடிஞ்சா போதும்னு நிறுத்தாதீங்க, ராத்திரி முழுக்க விடுங்க. சூடானாத்தான் சில குச்சி தப்பு காட்டும்.

சிவப்பு வரி ஒண்ணு வந்தாலும் அது ஃபெயில்தான். 'ஒண்ணுதானே'ங்கிற கணக்கு இதில் கிடையாது. சிவப்பு வந்தா ஒவ்வொரு குச்சியா, ஒவ்வொரு ஸ்லாட்டா மாத்திப் போட்டு ஓட்டுங்க. எந்த ஸ்லாட்டில் போட்டாலும் தப்பு காட்டினா குச்சி போச்சு. ரெண்டு குச்சியும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் தப்பு காட்டினா ஸ்லாட் போச்சு.

இன்னொண்ணு: மின்ட் ஐஎஸ்ஓவை எந்த மெஷினில் டவுன்லோட் பண்ணி எழுதினீங்க? இதே மெஷின்னா அதையும் நம்பாதீங்க. வேற மெஷினில் எஸ்ஹெச்ஏ256 (ஃபைல் சிதையலைன்னு காட்டுற குறியீடு) சரிபார்த்துட்டு மறுபடி எழுதுங்க.

தேதி போறது பேட்டரி. சிஆர்2032, போர்டில் ரூபாய் நாணயம் மாதிரி இருக்கும். புதுசு 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல காட்டும். மீட்டரில் 2.8-க்குக் கீழே இருந்தா மாத்திடுங்க. 'தேதிதானே, பிறகு பார்த்துக்கலாம்'னு விட்டா பின்னால கழுத்தறுக்கும். 2009-ல இருக்கிற மெஷின் எந்த இணையதளத்தோட சான்றிதழையும் ஏத்துக்காது, பிரவுசர் முரண்டு பிடிக்கும், அப்டேட்டும் 'இந்த ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை'ன்னு நிற்கும். பேட்டரி மாத்தினதும் பயோஸ் (பூட் ஆகும் முன்னாடி ஓடுற போர்டோட மென்பொருள்) செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போயிருக்கும், பூட் வரிசையை மறுபடி வைக்கணும்.

தெற்குப்பாலம்:

மேலே சொன்ன வரிசை சரி. மற்ற இரண்டுக்கு என் பதில்.

பென்டிரைவ்: இந்தப் போர்டுகளில் யூஇஎஃப்ஐ (பயோஸுக்குப் பதிலாக வந்த புது முறை) கிடையாது, பழைய பயோஸ்தான். ரூஃபஸில் பார்டிஷன் ஸ்கீம் (டிஸ்க்கைப் பிரிக்கும் முறை) ஜிபிடி என்று இருந்தால் புது லேப்டாப்பில் ஓடும், இதில் ஓடாது. பழைய முறையான எம்பிஆர் தேர்ந்தெடுங்கள். அதிலும் கர்சர் சிமிட்டினால், 'பழைய பயோஸ்களுக்கான திருத்தம்' என்று ஒரு டிக் பெட்டி கூடுதல் ஆப்ஷன்களில் ஒளிந்திருக்கும், அதைப் போட்டு மறுபடி எழுதுங்கள். பயோஸிலும் ஒரு கண்ணி உண்டு: பூட் வரிசையில் பென்டிரைவைத் தேடினால் பல நேரம் இருக்காது. 'ஹார்ட் டிஸ்க் டிரைவ்ஸ்' என்ற உள்மெனுவில் ஹார்ட் டிஸ்க்குக்குக் கீழே இன்னொரு டிஸ்க்காக நிற்கும். அதை மேலே ஏற்ற வேண்டும். வென்டாய் ஓடுகிறதென்றால் இதற்கெல்லாம் மெனக்கெடாமல் அதையே வைத்துக்கொள்ளலாம்.

4 ஜிபி குச்சி: கெட்டது என்று தூக்கிப் போட வேண்டாம், இந்தச் சிப்செட்டுக்குப் பொருந்தாதது, அவ்வளவுதான். ஜி41 ஒரு சிப்புக்கு 2 ஜிகாபிட் வரைதான் புரிந்துகொள்ளும். 8 பிட் ஒரு பைட் என்பதால் 4 ஜிபிக்கு 16 சிப் வேண்டும், பக்கத்துக்கு எட்டு. உங்கள் கையில் இருப்பதைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் எட்டு சிப், மறுபக்கம் மொட்டையாக இருக்கும். அவை 4 ஜிகாபிட் சிப்புகள். லேபிளில் 1ஆர்எக்ஸ்8 (1Rx8) என்று இருக்கும். உங்களுக்கு வேண்டியது 2ஆர்எக்ஸ்8 (2Rx8). ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேறு எங்கோ வாங்கப் போனால் 'டிடிஆர்3 4 ஜிபி' என்று மட்டும் கேட்காதீர்கள். 'ஜி41-க்கு, ரெண்டு பக்கமும் சிப் இருக்கிறது' என்று கேளுங்கள். 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று மலிவாக விற்கும் குச்சிகளிலும் இரண்டு பக்கம் சிப் இருக்கும், ஆனால் இன்டெல் போர்டில் ஓடாது. கண்ணால் பார்த்து ஏமாறும் இடம் அது.

பிறகு பயோஸில் ஏஹெச்சிஐ (புது வகை சாட்டா மோடு) தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இன்ஸ்டால் ஆகவில்லை என்றால் எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம் அது. சாதா ஐசிஹெச்7-இல் அந்த வசதியே இல்லை. பழைய ஐடிஇ மோடிலேயே லினக்ஸ் நன்றாக ஓடும்.

மெல்லியவன்:

இவ்வளவு எதுக்குங்க? கோர் 2 டுயோவுக்கு மின்ட் கனம். 32 பிட் லைட் ஓஎஸ் ஏதாவது போடுங்க, பறக்கும்.

கேபிள்கொத்து:

கனமா இருந்தா மெதுவா ஓடும், எர்ர்னோ 5 வராது. இ7500 64 பிட் ப்ராசஸர். 4 ஜிபி இருந்தா எக்ஸ்எஃப்சிஇ தாராளம். 32 பிட் போடற இடம் ஆட்டம் என்270 மாதிரி நெட்புக். அதுக்கும் டெபியன் லினக்ஸில் 12-தான் கடைசி, 13-ல 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே எடுத்துட்டாங்க. விண்டோஸ் 11 யோசனையும் வேண்டாம். 24ஹெச்2 பதிப்பில இருந்து எஸ்எஸ்இ4.2 (ப்ராசஸர் கட்டளைத் தொகுப்பு) இல்லாத ப்ராசஸரில் பூட்டே ஆகாது, கோர் 2 வரிசை எதிலும் அது இல்லை.

சாம்பல்பெட்டி:

செய்து பார்த்தேன். பேட்டரி 2.4 வோல்ட், மாற்றிவிட்டேன். பயோஸில் சிபியூ சூடு 71 டிகிரி. மெம்டெஸ்டில் இரண்டு குச்சியும் சேர்ந்து இருந்தால் சிவப்பு. ஒரு குச்சி இரண்டு ஸ்லாட்டிலும் சுத்தம், மற்றொன்று எங்கே போட்டாலும் தப்பு காட்டுகிறது. மின்ட் லைவில் (இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓடுவது) 'டிஸ்க்ஸ்' திறந்து ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவது) பார்த்தேன்: 5-ஆம் வரி 0, 197-ஆம் வரி 0, 199-ஆம் வரி 212. 199 என்றால் என்ன?

கேபிள்கொத்து:

5 என்பது இடம் மாத்தின செக்டார், 197 என்பது படிக்க முடியாம காத்திருக்கிற செக்டார். ரெண்டும் பூஜ்யம், டிஸ்க் நல்லாவே இருக்கு. 199 டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் சிதைஞ்ச எண்ணிக்கை. பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். இந்த எண் ஒருபோதும் குறையாது, அதனால 212-ஐப் பார்த்துப் பயப்படாதீங்க. கேபிளை மாத்திட்டு, போர்டிலும் வேற போர்ட்டில் சொருகி, சில ஜிபி காப்பி பண்ணிப் பாருங்க. 212-லயே நின்னா முடிஞ்சது. பழைய கேபிளில் கிளிப் இல்லாம லூசா தொங்கிட்டு இருந்திருக்கும்.

71 டிகிரி, அதுவும் சும்மா பயோஸில் நிற்கும்போது, அதிகம். ஃபேனோட நாலு மூலையிலும் இருக்கிற பிளாஸ்டிக் பின்னைப் பாருங்க. இந்த 775 சாக்கெட் கூலரில் ஒரு பின் எழும்பிட்டா ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கும், நடுவில் பூசுற தெர்மல் பேஸ்ட் எவ்வளவு போட்டாலும் பிரயோஜனம் இல்லை. கழட்ட, பின் தலையில் இருக்கிற அம்புக்குறி திசையில் கால் சுற்று. மாட்டுறதுக்கு முன்னாடி நாலையும் எதிர்த்திசையில் திருப்பி வச்சுட்டு, மூலைக்கு மூலை எதிரெதிரா ரெண்டு ரெண்டா அழுத்துங்க. 'டக்'குன்னு சத்தம் கேட்கணும். போர்டைத் திருப்பிப் பார்த்தா கறுப்பு ஊசி வெள்ளைக் கவ்வியைத் தாண்டி வெளியே வந்திருக்கணும். பழைய பேஸ்ட் சாக்பீஸ் மாதிரி காய்ஞ்சிருக்கும், சுரண்டாம ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைச்சுட்டு, நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு வைங்க.

அப்படியே ப்ராசஸரைச் சுத்தி இருக்கிற கெபாசிட்டர் தலையைத் தடவிப் பாருங்க. தட்டையா இருக்கணும். உப்பியிருந்தாலோ தலையில் பழுப்புக் கசிவு இருந்தாலோ இந்த வேலையெல்லாம் அங்கேயே நிறுத்திடுங்க.

சாம்பல்பெட்டி:

ஒரு பின் எழும்பித்தான் இருந்தது. இப்போது 44 டிகிரி. கெபாசிட்டர் எல்லாம் தட்டை. கேபிள் மாற்றிய பிறகு 199 அப்படியே நிற்கிறது. நல்ல குச்சி ஒன்றை மட்டும் வைத்து, புதிதாக எழுதிய பென்டிரைவில் இன்ஸ்டால் முழுதாக முடிந்தது. ஆனால் பென்டிரைவைப் பிடுங்கினால் 'பூட் டிவைஸ் இல்லை' என்கிறது, சொருகினால் பூட் ஆகிறது!

தெற்குப்பாலம்:

க்ரப் (லினக்ஸைத் தொடங்கும் பூட்லோடர்) பென்டிரைவில் போய் உட்கார்ந்திருக்கிறது. லினக்ஸில் சில நேரம் பென்டிரைவே எஸ்டிஏ (முதல் டிஸ்க்கின் பெயர்) ஆகிவிடும், ஹார்ட் டிஸ்க் எஸ்டிபி ஆகிவிடும். 'பூட்லோடர் எங்கே' என்ற இடத்தில் எஸ்டிஏ என்று இருந்ததை அப்படியே விட்டிருப்பீர்கள்.

வென்டாயின் பூட் பகுதி மேல் க்ரப் எழுதப்பட்டிருக்கும். அதனால் வேறு மெஷினில் வென்டாயை மறுபடி போட்டு, ஐஎஸ்ஓவையும் காப்பி செய்துகொள்ளுங்கள். டிஸ்க்கில் இன்னும் உங்கள் ஃபைல் எதுவும் இல்லையே, மறுபடி இன்ஸ்டால் செய்வதே சுத்தம். லைவில் ஜிபார்ட்டட் (டிஸ்க்கைப் பிரிக்கும் மென்பொருள்) திறந்து, மேலே வலது மூலையில் 500 ஜிபி டிஸ்க்தானா என்று அளவை வைத்து உறுதி செய்யுங்கள், பெயரை வைத்து அல்ல. பார்டிஷன் டேபிள் 'எம்எஸ்டாஸ்' வகை (எம்பிஆரின் இன்னொரு பெயர்) புதிதாகப் போடுங்கள். இந்த அளவுக்கு ஜிபிடி தேவையில்லை, சில பழைய பயோஸ் ஜிபிடி டிஸ்க்கைக் கண்டுகொள்வதே இல்லை. இஎக்ஸ்டி4 பார்டிஷன் ஒன்று போதும், அதன் மேல் 'பூட்' கொடியை வையுங்கள். ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) தனியாக வேண்டாம், ஃபைலாக அதுவே போட்டுக்கொள்ளும். இன்ஸ்டாலரில் 'சம்திங் எல்ஸ்' வழியே போய், அந்தப் பார்டிஷனுக்கு மவுன்ட் பாயின்ட்டாக ஒற்றைச் சாய்கோடு கொடுங்கள். பூட்லோடருக்கு 500 ஜிபி டிஸ்க்கின் முழுப் பெயரைத் தேர்ந்தெடுங்கள், பின்னால் எண் இல்லாததை. முடிந்ததும் பயோஸில் ஹார்ட் டிஸ்க்கை மறுபடி மேலே ஏற்றுங்கள்.

2 ஜிபியில் மின்ட் ஓடும். ஆனால் பிரவுசரில் நான்கு டேப் திறந்தால் ஸ்வாப்புக்குப் போகும், பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது நத்தை வேகம். 2ஆர்எக்ஸ்8 குச்சி கிடைத்ததும் அதையும் மாட்டி, வேறு எதுவும் செய்வதற்கு முன் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட்.