பஞ்சமி நிலமும் ஆயா சொன்ன கிணறும்

எங்கள் ஊர் செங்கல்பட்டுப் பக்கம். ஆறு வருஷம் முன்னால், அரசியல் அறிவியலில் முனைவர் பட்டத்துக்காக ஒரு அக்கா வந்தார். ஊரைச் சுற்றிக் காட்டும் வேலை எனக்கு. மைக்கை நீட்டி ‘உங்கள் உரிமை என்ன தெரியுமா’ என்று கேட்பார் என நினைத்தேன். அவர் பையிலிருந்து எடுத்ததோ, மாதக்கணக்கில் அலைந்து வாங்கிய அ-பதிவேட்டு நகல். ஊரில் எந்தப் புலம் யாருடையது என்று எழுதியிருக்கும் வருவாய்த் துறைப் பதிவேடு அது.

வெள்ளைக்காரன் காலத்தில் பட்டியல் சாதியினருக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் 1994 அக்டோபர்தான். காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டு இருவர் செத்தார்கள். நிலப் பேச்சை எடுத்தாலே பெரியவர்கள் அதைச் சொல்லி அடக்கிவிடுவார்கள். அந்த நிலத்துக்கான 1892 அரசாணையை அந்த அக்காதான் ஏரிக்கரையில் உட்கார்ந்து விளக்கினார். முதல் 10 வருஷம் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதற்கப்புறமும் பட்டியல் சாதியினருக்குத்தான் கைமாற்றலாம். பழைய பதிவேட்டில் ஒரு புலத்துக்கு எதிரே ‘டி.சி.’ என்று இருந்தது; ‘டிப்ரெஸ்டு கிளாஸ்’, அதாவது பஞ்சமி நிலம் என்பதன் குறி. நிலப் பதிவுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்துக்குப் பிந்தைய பதிவேட்டில் எண்ணும் வேறு, அந்தக் கட்டமும் காலி.

எங்கள் ஆயாவிடம் அவர் நிலத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. கிணறு எந்தப் பக்கம் என்றுதான் கேட்டார்.

“ஈசானி மூலையில. அதுக்கு மேக்கால நாலு பனை.”

அந்த நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தை அக்கா விரித்தார். வடகிழக்கு மூலையில் கிணறு. பனை இல்லை, சரி, மரத்தை யார் வரையப் போகிறார்கள்!

“எப்படிப் போச்சு ஆயா?”

“ரெண்டு மூட்டை நெல்லுக்குத் தாத்தன் கைநாட்டு வச்சிட்டாரு.”

அது செல்லாது என்றார் அக்கா. ஆயா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “செல்லாதுன்னு அவங்ககிட்ட யாரும்மா போய்ச் சொல்றது?” என்றது. அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்றைக்கு அதற்கப்புறம் எழுதவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஆய்வேட்டை அனுப்பினார். அதில் ஒரே ஒரு வருத்தம்: எங்கள் பாதுகாப்புக்காக ஊர்ப் பெயரை மாற்றியிருந்தார். நியாயம்தான், ஆனால் மனுவோடு இணைக்க முடியாமல் போயிற்று. புலப்பட நகலை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கினேன்.

வருஷா வருஷம் வருவாய்த் துறை ஊர்க் கணக்கைப் பார்த்து மனு வாங்கும் ஜமாபந்தியில், இந்தத் தடவை மூன்றாவது மனு கொடுத்திருக்கிறேன். கிணற்றைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு.